கடலோடிகளுக்கான கேள்வி பதில்: ஸ்லோவில் நிற்காத என்ஜின்

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு என்ஜின் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே கார்புரேட்டர்தான். மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி நிறுத்தியிருந்தோம். இப்போது முழு வேகத்தில் குறையில்லாமல் ஓடுகிறது. வலையை இழுத்தேற்றுவதற்காக வேகத்தைக் குறைத்தால் உதறி நின்றுவிடுகிறது. ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்தால் நிற்பதில்லை, ஆனால் கியர் போடும்போது பலத்த சத்தத்துடன் இடிக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சீர்செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார் என் மைத்துனர். எதைச் செய்வது? (தேவனாம்பட்டினம் வாசகர்)

பதில்: மெக்கானிக் சொல்வதே சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. முதலில் ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள். ஸ்லோ வேகம் கூடுதலாக இருக்கும்போது கியர் போட்டால் கியர் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் பற்களின் முனை உடையும். அந்தச் செலவுடன் ஒப்பிட்டால் கார்புரேட்டர் செலவு மிகச் சிறியது. அதோடு, கெடிலம் முகத்துவாரம் போன்ற அலை உடையும் இடத்தில் படகை மெல்ல ஓட்டிக் காத்திருக்கும்போது என்ஜின் நின்றால் படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள். ஓடவிட்டு நிறுத்திய பின் இரண்டு பிளக்குகளையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று காய்ந்தும் மற்றொன்று நனைந்தும் இருந்தால், நனைந்த சிலிண்டரில் பெரும்பாலும் தீப்பொறிக் கோளாறாக இருக்கும். ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் ஊட்டும்போது அது ஒன்றை மட்டும் பட்டினி போடுவது அரிது. அடுத்து, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, ஸ்லோவில் உதறும் நேரத்தில் சோக்கைச் சிறிது இழுங்கள். உதறல் அடங்கினால் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அதாவது ஸ்லோவில் பெட்ரோல் வரும் வழி அடைபட்டிருக்கிறது அல்லது கார்புரேட்டர் அமரும் கேஸ்கெட் வழியே காற்று உள்ளே கசிகிறது. சோக் இழுத்ததும் மேலும் மோசமானால், பெட்ரோல் மிகுந்து வழிகிறது என்று பொருள்.

முழு வேகத்தில் ஓடும் என்ஜின் ஸ்லோவில் மட்டும் நிற்பது ஏன்? த்ராட்டில் திறந்திருக்கும்போது குறுகிய தொண்டை வழியே பாயும் காற்றின் வேகமே மெயின் ஜெட் என்ற அளவுத்துளையிலிருந்து பெட்ரோலை இழுத்துவிடும். த்ராட்டில் தட்டு மூடியபின் அந்த இழுப்பு மெயின் ஜெட்டை எட்டாது. தட்டின் விளிம்பையொட்டி உள்ள ஊசித்துளைகளின் வழியாகவே, ஸ்லோ ஜெட்டில் அளந்து வந்த பெட்ரோல் செல்லும். நின்றுபோன படகில் பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின் முதலில் அடைப்பது இந்தத் துளைகளைத்தான். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் அலுமினியக் கிண்ணத்தை அரித்து வெள்ளைப் பொடியை உண்டாக்கும். அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கையேடுகளில் 10 சதவீதத்தையே எத்தனாலுக்கு வரம்பாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இனி வேலையைப் பார்ப்போம். நெருப்பும் பீடியும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். அந்தக் கிண்ணத்தின் (உள்ளே ஃப்ளோட் என்ற மிதவை இருப்பதால் ஃப்ளோட் கிண்ணம் என்பார்கள்) அடித்திருகைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் டேங்கையும் ஃபில்டரையும் காலி செய்து கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது வீண். த்ராட்டில், சோக் கம்பிகள் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்லோவில் காற்று, பெட்ரோல் விகிதத்தை அமைக்கும் கலவை ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, முட்டுவதற்கு எத்தனை சுற்று ஆகிறது என்று எழுதிவையுங்கள். இறுக்கிவிட்டால் ஊசிமுனையில் வளையம் விழுந்துவிடும். பிறகு எந்தச் சீரமைப்பும் பயன் தராது. ஜப்பானிய என்ஜின்களின் நட்சத்திரத் திருகுகளில் சாதாரண ஸ்க்ரூடிரைவர் சரியாகப் பொருந்தாமல் நழுவித் தலையைச் சிதைக்கும். அவற்றுக்கென்று தனி அமைப்பில் ஸ்க்ரூடிரைவர் உண்டு. வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஃப்ளோட், நீடில், ரப்பர் வளையங்கள், கேஸ்கெட் ஆகியவற்றை எடுத்த பிறகே உடலைக் கிளீனரில் ஊறவைக்க வேண்டும். அந்தத் திரவம் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஊதச் செய்யும். ஸ்ப்ரே ஒரு துளையில் நுழைந்து மற்றொரு துளை வழியே கண்ணில் பீச்சக்கூடும் என்பதால் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியாலோ எஃகுக் கம்பியாலோ குத்தக் கூடாது. ஜெட் பித்தளை, அதன் துளை இம்மியளவு பெரிதானாலும் கணக்கு தப்பிவிடும். மின்ஒயரைச் சீவினால் கிடைக்கும் ஒற்றைச் செம்பு இழையே போதும். பிறகு ஒவ்வொரு வழியிலும் காற்றை ஊதி, அது மறுமுனையில் வருகிறதா என்று விரலால் உணருங்கள். த்ராட்டில் தட்டையொட்டி உள்ள அந்தச் சிறு துளைகளை மறந்துவிட்டு ஜெட்டை மட்டும் கழுவி மாட்டுவதுதான் பட்டறைகளில் நான் அதிகம் காணும் அரைகுறை வேலை.

மாட்டும்போது கேஸ்கெட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். பழையதன்மேல் சிலிக்கான் பசை தடவுவதை நான் ஏற்கமாட்டேன்; பெட்ரோல் பட்டு அது துணுக்குகளாகப் பிரிந்து, நீங்கள் திறந்த துளையையே மீண்டும் அடைக்கும். மைத்துனர் சொல்வதுபோல் புதிய கார்புரேட்டர் வாங்குவது, உடல் அரித்துப்போயிருந்தாலோ த்ராட்டில் தண்டு ஆடினாலோ மட்டும் நியாயம். பெயர் தெரியாத மலிவுப் பிரதியைவிட நன்றாகக் கழுவிய பழைய அசலே மேல்.

டியூனிங்கை மட்டும் கரையில் முடித்துவிடாதீர்கள். தண்ணீரின்றி ஓட்டினால் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். டிரம்மில் ஓட்டினாலும் காற்றாடிக்கு (புரொப்பல்லருக்கு) உண்மையான சுமை இராது. படகைத் தண்ணீரில் உறுதியாகக் கட்டி, என்ஜின் நன்கு சூடேறியபின், முன் கியரில் வைத்துக் கலவை ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் போகும்போது கார்புரேட்டர் தும்முவதுபோல் ஒலிக்கும். அது பெட்ரோல் குறைந்த எல்லை. மறுபக்கம் கனத்துத் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில், சற்றே பெட்ரோல் மிகுந்த பக்கமாக நிறுத்துங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலுடன் கலந்தே உள்ளே போவதால், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு எண்ணெயும் குறையும். ஸ்க்ரூ காற்று வரும் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் காற்றைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருக பெட்ரோல் விகிதம் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. எது உங்களுடையது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடில் வேகத்தை இதற்குப் பிறகே அமைக்க வேண்டும்.

கேள்வி: கார்புரேட்டரை நானே கழுவி மாட்டினேன். இப்போது பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பம்பை அமுக்கினாலே பெட்ரோல் வழிகிறது. என்ன தவறு? (வீராம்பட்டினம் வாசகர்)

பதில்: கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய நீடில் வால்வு மூடவில்லை. அதன் கூம்பு முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால், வால்வையும் அது அமரும் இருக்கையையும் சேர்த்து மாற்றுங்கள். முனை சரியாக இருந்தால் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது மிதக்காது. இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் ஃப்ளோட்டின் உயரம் மாறியிருக்கும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கையேட்டில் உள்ள அளவுக்கு ஃப்ளோட்டின் சிறு நாக்கை வளைத்துச் சரிசெய்ய வேண்டும். வளைக்கும்போது நாக்கால் நீடிலை அழுத்தாதீர்கள். மாட்டும் முன், தலைகீழாக இருக்கும்போதே பெட்ரோல் நுழையும் குழாயில் வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. என்ஜின் மூடிக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவி முழுவதும் வெளியேறும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கேள்வி: அடுத்த மழைக்காலத்தில் இதே தொல்லை வராமல் என்ன செய்யலாம்? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: கடைசி நாளில் என்ஜினை நன்னீரில் ஸ்லோவில் ஓடவிட்டு, டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். அப்படியும் கிண்ணத்தின் அடியில் சிறிது தங்கியிருக்கும். அடித்திருகைத் திறந்து அதையும் வடித்துவிட்டு, திருகை மறக்காமல் மூடுங்கள். டேங்கில் மீந்த, ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காமல், கெடுவதற்கு முன்பே கடலுக்குப் போகும் வேறு படகுக்காரர் எவருக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஆயில் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.