என் பொருள் பட்டியல் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் பொருள் எண்ணைத் தட்டினால் அதன் விவரம் தானாக வருமா?

வரும். உங்கள் பொருள் பட்டியல் மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது, தேடுவது கூகுள் ஷீட்ஸில் என்பதால் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (ஷீட்டுக்கான நிரல் எழுதும் இடம்) உள்ள, டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி சேவையே போதும்.

பலரும் முதலில் யோசிப்பது, ஒவ்வொரு செல்லிலும் டேட்டாபேஸைக் கேட்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுவது. அது வேண்டாம். 500 வரிசை இருந்தால் 500 முறை இணைப்பு திறக்கும். அத்தகைய ஃபங்ஷன் 30 விநாடிக்குள் பதில் தராவிட்டால் செல்லில் பிழைதான் தெரியும். அதற்குப் பதிலாக, தேவையான நெடுவரிசைகளை மட்டும் ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) எடுத்து, அதே ஷீட்டில் தனி டேப் ஒன்றில் 'செட்வேல்யூஸ்' கட்டளை மூலம் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். இந்த ஸ்கிரிப்ட் மணிக்கு ஒருமுறை தானாக ஓடும்படி டிரிகர் வையுங்கள். அப்புறம் பொருள் எண்ணை வைத்து அந்த டேபிலிருந்து விவரத்தை எடுக்க, வழக்கமான விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலா போதும். அதில் கடைசி மதிப்பு ஃபால்ஸ் (FALSE) என்று இருக்கட்டும், இல்லையென்றால் பக்கத்துப் பொருளின் விலை வந்து உட்காரும்.

எண் இருந்தும் கிடைக்கவில்லை என்று வந்தால், பெரும்பாலும் ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். இரண்டையும் எழுத்தாக மாற்றினால் சரியாகிவிடும்.

இணைப்பே கிடைக்காவிட்டால், டேட்டாபேஸ் சர்வரில் வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள். கூகுளின் ஐபி முகவரிகளை அனுமதிக்க வேண்டியிருக்கும். டேட்டாபேஸில் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்குங்கள். ஏனென்றால், ஷீட்டைத் திருத்த முடிந்தவர்கள் ஸ்கிரிப்டையும், அதிலுள்ள கடவுச்சொல்லையும் பார்க்க முடியும்.