இருப்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: குமுளியில் ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். வீட்டில் நாலு பேர். தீபாவளிக்கு மகளுக்குப் பாவாடை தாவணி எடுத்தேன். கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் தங்கை மகன், “பெரியம்மா, அந்தப் பணத்தில் எங்கோ ஓர் உயிர் பிழைத்திருக்கும், பயன்பாட்டுவாதத்தின்படி நீங்கள் செய்தது தவறு” என்கிறான். சாதாரண ஜனங்களிடம் இந்த அறம் அளவுக்கு மீறிக் கேட்கவில்லையா?
- ஒரு வாசகி, குமுளி

பதில்: உங்கள் தங்கை மகன் பேசுவது குதர்க்கம் அல்ல. எல்லோருடைய நலனையும் சமமாக எண்ணி, மொத்தத்தில் அதிக நன்மை தரும் செயலே சரி என்பதுதான் பயன்பாட்டுவாதம். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்து, முகாம்களில் பசியாலும் காலராவாலும் அவதிப்பட்டபோது, ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் ஒரு கட்டுரை எழுதினார். அது 1972-இல் வெளியானது. குளத்தில் குழந்தை மூழ்குவதைக் கண்டால் உடுப்பு சேறாகுமே என்று யாரும் நிற்பதில்லை. அப்படியிருக்க, கண்ணுக்கெட்டாத இடத்தில் சாகும் குழந்தைக்கு அந்த உடுப்பின் விலையைக் கொடுக்க மறுப்பதற்குத் தூரம் ஒரு நியாயமாகுமா என்று அவர் கேட்டார். இதற்கு, ‘என்னால் தாங்காது’ என்பது மட்டும் விடையாகாது. நாம் தாங்க மறுக்கும் சுமை மறைந்துவிடுவதில்லை. அதை வேறொருவர் தம் உயிரால் தாங்குகிறார்.

பயன்பாட்டுவாதம் எல்லோரிடமும் ஒரே தொகையைக் கேட்பதாக நினைக்க வேண்டாம். கையில் பணம் ஏற ஏற, கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் தரும் இன்பம் குறைகிறது என்பதை அதன் மூலவரான ஆங்கிலேய அறிஞர் ஜெரமி பெந்தமே சொல்லியிருக்கிறார். ஆகவே வண்டன்மேட்டில் நூறு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரிடம் அது கேட்பது மிக அதிகம். கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி, மழையில் நனைந்து காய் எடுக்கும் பெண்களிடம் கேட்பது மிகக் குறைவு. நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டாமவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

ஆனாலும் ஓர் உயிரோடு நிறுத்துப் பார்த்தால் தாவணி தோற்கத்தான் செய்யும். ஊருலகம் முழுவதற்கும் நன்மை செய்யும் வாய்ப்பு மிகச் சிலருக்கே அமையும், மற்றவர்கள் தம்மைச் சுற்றியுள்ள சிலரின் நலனைக் கருதினால் போதும் என்று பெந்தமின் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் ஆறுதல் சொன்னார். இன்று அந்த ஆறுதல் செல்லாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் நிலச்சரிவில் மண்ணோடு போனபோது, குமுளியில் இருந்தபடியே செல்போனில் ஒரு நிமிடத்தில் பணம் அனுப்ப முடிந்தது.

என் கருத்தில் இந்தக் கோட்பாடு இடறும் இடம் வேறு. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973-இல் காட்டியதுபோல், ஒருவர் தம் வாழ்வின் ஆழமான பற்றுகளைக்கூட உலகத்தின் மொத்தக் கணக்கு கேட்கும்போதெல்லாம் கைவிட வேண்டுமென்றால், அவருக்கென்று ஒரு வாழ்க்கையே மிஞ்சாது. மகளுக்குத் துணி எடுக்கும் தாய், ‘இதனால் உலகின் இன்பம் கூடுமா?’ என்று கணக்குப் பார்த்து எடுப்பதில்லை; அவள் மகள் என்பதால் எடுக்கிறாள். அந்தக் காரணமே போதும்.

அதற்காக மறுபக்கத்தை மறந்துவிட முடியாது. எல்லோரும் கடமையைச் செய்திருந்தால் என் பங்கு எவ்வளவோ அதுவே என் கடமை என்று தத்துவ அறிஞர் லியாம் மர்ஃபி 2000-இல் வாதிட்டார். இதைப் பாதிதான் ஏற்கிறேன். குளத்தில் இரண்டு குழந்தைகள் மூழ்க, உடன் வந்தவர் நடையைக் கட்டிவிட்டால், என் பங்கு ஒன்றுதான் என்று இரண்டாவது குழந்தையை நான் விட முடியாது. ஆனால் மாதந்தோறும், ஆண்டுதோறும் தொடரும் தூரத்துத் துயரங்களுக்கு மர்ஃபி சொல்லும் அளவு நியாயமானது. சம்பளம் வந்ததும் சீட்டுப் பணத்தை எடுத்து வைப்பதுபோல் ஒரு சிறு பங்கைத் தவறாமல் ஒதுக்குங்கள். வயநாடு போன்ற பேரிடர் வரும்போது அதற்கு மேலும் கொடுங்கள். மிச்சத்தில் எடுத்த தாவணிக்கு நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு முடிந்து, குடும்பப் பொறுப்பு இல்லாமல் உங்களைவிட அதிகம் சம்பாதிக்கும்போது தன் பங்கு உங்களுடையதைவிடப் பெரிது என்பதைத் தங்கை மகனும் இப்போதே மனத்தில் எழுதிக்கொள்ளட்டும்.