கில்லெஸ்பி, கிட் அண்ட் கோயா: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பெயரில் மூன்று பேர் இருக்கிறார்களே, யார் சார் இவர்கள்?

ஜாக் கோயா பங்குதாரராகச் சேர்ந்தது 1927இல். கில்லெஸ்பி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார், கிட் 1928இல். பழைய பெயரை மாற்றாமல் கோயா தனியாக நடத்தினார். கில்லெஸ்பியும் லேசுப்பட்டவர் இல்லை. ஜேம்ஸ் சாமனோடு சேர்ந்து கிளாஸ்கோவில் லயன் சேம்பர்ஸ் கட்டியவர். பிரிட்டனின் தொடக்ககால கான்கிரீட் கட்டடங்களில் அது ஒன்று.

கேள்வி: ஏன் இத்தனை சர்ச்சுகள்?

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை கிடைப்பதே கஷ்டம். கோயா இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்த கத்தோலிக்கர். கிளாஸ்கோ மறைமாவட்டம் வேலை கொடுத்தது. கிளாஸ்கோவின் டென்னிஸ்டன் பகுதியில் புனித அன்னாள் ஆலயம் அப்படி வந்ததுதான். போருக்குப் பின் ஈஸ்ட் கில்பிரைடு, கிளென்ராத்திஸ் போன்ற புது நகரங்கள் எழுந்தன. அங்கே கத்தோலிக்கர்களுக்குக் கோயிலும் பள்ளியும் வேண்டியிருந்தன.

கேள்வி: 1950களின் நடுவில் பாணி அடியோடு மாறுகிறதே, கோயா மனம் மாறிவிட்டாரா?

வரைந்த கை மாறியது. இசி மெட்ஸ்டைன், ஆண்டி மெக்மிலன் என்ற இருவர். இருவரும் 1928இல் பிறந்தவர்கள். மெட்ஸ்டைன் பெர்லின் யூதச் சிறுவன். 1939இல் நாஜிகளிடமிருந்து தப்ப பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டு, 1945இல் இந்த நிறுவனத்தில் தொழில் பயில்பவராகச் சேர்ந்தார். மெக்மிலன் 1954இல் வந்தார். 1957இல் கிளென்ராத்திஸில் இவர்கள் செய்த புனித பவுல் ஆலயம் சின்னது, செலவும் குறைவு. ஆனால் கோபுரம் வழியாக வெளிச்சம் நேரே பலிபீடத்தில் விழும். கத்தோலிக்கப் பலிபீடத்துக்கு வெளிச்சம் அமைத்தவர்களில் ஒருவர் யூத அகதி என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கேள்வி: 1969இல் ஆர்.ஐ.பி.ஏ. (பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச கழகம்) தங்கப் பதக்கம் கோயாவுக்கு மட்டும் போனது நியாயமா?

என்னைக் கேட்டால், இல்லை. ஆனால் இளைஞர்களை நம்பி வேலையை விட்டுக்கொடுத்த முதலாளிகள் எத்தனை பேர்? அந்தப் பெருமை கோயாவுக்கு உண்டு.

கேள்வி: இந்த நிறுவனம் கட்டிய கார்ட்ராஸ் குருமடம் (கத்தோலிக்கக் குருக்களுக்கான பயிற்சி இல்லம்) ஏன் பாழானது? மழை ஒழுகியதாலா?

ஒழுகியது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. 1966இல் திறந்தபோதே காலம் மாறிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையைச் சீர்திருத்தக் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து, குருக்களை மக்களிடையே வைத்துப் பயிற்றுவிக்கலாம் என்ற எண்ணம் வலுத்திருந்தது. குருவாக வருபவர்களும் குறைந்தார்கள். சுமார் நூறு பேருக்கான இடம் ஒருபோதும் நிரம்பவில்லை. ஆள் குறைந்த பெரிய கட்டடத்தைப் பராமரிக்க யார் செலவழிப்பார்கள்? 1980இல் மூடினார்கள். கொஞ்ச காலம் போதை மறுவாழ்வு மையம், அப்புறம் அதுவும் இல்லை. 1992இல் ஸ்காட்லாந்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் மிக உயர்ந்த 'ஏ' பிரிவுப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் பாதுகாப்புப் பட்டியல் கூரை போட்டுத் தராதே! நடுவில் இருந்த பழைய கில்மஹ்யூ மாளிகை தீப்பிடித்து, 1995இல் இடிக்கப்பட்டது. 2020இல் ஓர் அறக்கட்டளை பொறுப்பேற்றது.

கேள்வி: நிறுவனம் இன்னும் இருக்கிறதா? எதைப் போய்ப் பார்க்கலாம்?

1987இல் முடிந்துவிட்டது. கடைசிப் பெரிய வேலை கேம்பிரிட்ஜின் ராபின்சன் கல்லூரி. வரைபடங்கள் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் உள்ளன. ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் ஈஸ்ட் கில்பிரைடின் புனித பிரைடு ஆலயம். மணிக்கோபுரத்தை 1983இல் இடித்துவிட்டார்கள், ஆனாலும் அந்தச் செங்கல் சுவருக்காகப் போகலாம்.