பத்து மணிக்குள் கலையும் திட்டம்

கேள்வி: செம்பனைத் (பாமாயில்) தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை. காலை 7 மணியிலிருந்து 4 மணி வரை அரை மணிக்கு அரை மணி வேலையை எழுதி வைக்கிறேன். பத்து மணிக்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. நடுவில் 1 மணிக்கு மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓட வேண்டும். இருபது வருடமாக இங்கேயே இருக்கும் பக்கத்து மேசைக்காரர் எதையும் எழுதுவதில்லை. “வர்றதைப் பார்த்துக்கலாம்மா” என்கிறார். திட்டம் போடுவதே வீண்தானா? (ஒரு நாள் தாளை இணைத்திருக்கிறேன்.)
– வாசகி, பகாவ், மலேசியா

பதில்: வீண் இல்லை, அம்மா. ஆனால் உங்கள் தாளில் மூச்சுவிட இடமில்லை. செக்ரோலுக்கு (ஆட்களின் தினசரி வேலைப் பதிவேடு) 45 நிமிடம் போட்டிருக்கிறீர்கள். ஆட்கள் 90 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், ஃபீல்டு நம்பர், குலை எண்ணிக்கை, உதிரிப்பழ எடை என்று நாலு இடத்தில் பதிய வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே ஒன்றரை மணி நேரம். யாரும் வந்து கூப்பிடாவிட்டாலும் அந்த நாள் எட்டரை மணிக்கே பின்தங்கிவிடும். பழியை நடுவில் வந்து கூப்பிடுகிறவர்கள் மேல் போடாதீர்கள்.

உங்கள் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். குலை வெட்டு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. சுற்று தள்ளிப் போனால் பழம் மிஞ்சிக் கனிந்து உதிரும், பொறுக்க ஆள் போதாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். அடிபட்ட பழத்திலுள்ள நொதி எண்ணெயை உடைத்து அமிலத்தை ஏற்றிவிடும், தரம் விழும். இந்த இரண்டிலும் யாரும் கை வைப்பதில்லை. மழை கொட்டினால் எந்த ஃபீல்டை முதலில் வெட்டுவது, லாரியை எந்தப் பாதையில் விடுவது, உரத்தை எந்த நாளுக்குத் தள்ளுவது எல்லாம் பெரட்டிலேயே (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) மாறும். அசையாதது எது என்று தெரிந்ததால்தான் மற்றதை அசைக்கிறார்கள். உங்கள் தாளிலோ சம்பளப் பட்டியலும் ஸ்டோர் அலமாரி அடுக்குவதும் ஒரே கனத்தில் நிற்கின்றன.

ஆபீசில் அசையாத தேதிகள் சிலவே. சம்பளம், மாதம் முடிந்து 7 நாளுக்குள். சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா, வருமானவரிப் பிடித்தம், 15ஆம் தேதிக்குள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 7ஆம் தேதி சம்பளம் என்றால் மேனேஜர் கையெழுத்துக்கும் பேங்குக்கும் இரண்டு நாள். ஆட்களின் கணக்குத் தகராறைத் தீர்க்க இரண்டு நாள். ஆக 3ஆம் தேதி பட்டியல் கையில் இருக்க வேண்டும். மூன்று நாள் வெட்டுக் கணக்குச் சீட்டைச் சேர்த்து வைத்துப் பதிகிறவர்கள் சிக்குவது இங்கேதான்: சம்பளத்தன்று ஆள் வந்து “அன்னிக்கு நான் அறுபது குலை வெட்டினேனே” என்பார், மண்டோருக்கு (ஆட்களை மேற்பார்க்கிறவர்) ஞாபகம் இருக்காது. அதனால் நேற்றைய சீட்டு இன்றைக்குள் முடிய வேண்டும். எத்தனை மணிக்கு என்பதை விட்டுவிடுங்கள். பாதியில் எழுந்தால் நிறுத்திய பெயருக்கு நேராகப் பென்சிலில் ஒரு கோடு. அது இல்லாமல்தான் ஒரு ஆள் விட்டுப்போகும், அல்லது இரண்டு தடவை விழும்.

எட்டு மணி நேரத்தில் ஐந்தை மட்டும் எழுதுங்கள். மீதி மூன்று, வருகிறவர்களுக்கு. இது தொடங்குவதற்கான கணக்குதான். ஒரு வாரம் தாளின் பின்பக்கத்தில் யார் வந்தார், எதற்கு, எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். நான்கு மணி நேரம் என்று வந்தால் நான்கை விடுங்கள். லீவு, முன்பணம், கடிதம் என்று வருகிறவர்களுக்கு, வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பும் 2.30 முதல் 3.30 வரை என்று பலகையில் எழுதிப் போடுங்கள். வங்காளதேச ஆட்களுக்கும் புரிய மலாயிலும் எழுதுங்கள். அடிபட்டு வருகிறவரை மட்டும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்கக் கூடாது. வேலையில் நடந்த விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மேனேஜர் “இப்பவே” என்றால் தாளோடு போய், “சார், இதைச் செய்தா இன்னிக்கு ஸ்டோர் கணக்கு நிக்கும், சரியா?” என்று கேளுங்கள். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

பக்கத்து மேசைக்காரர் எழுதாமல் சமாளிப்பது உண்மைதான். அவருக்கு 15ஆம் தேதி தலையில் இருக்கிறது. அவர் இரண்டு வாரம் லீவில் போனால் அந்தத் தேதியை யார் பார்ப்பது?

பள்ளிக்கு ஓடுவதை நாளுக்கு நாள் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில், வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். ‘எனக்கு வசதியாக’ என்று பொதுவாக எழுதாமல், மதிய இடைவேளையை 12.45 முதல் 1.45 வரை வைத்துக்கொள்கிறேன் என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். கடிதத்தின் நகலில் பெற்ற தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.