டெக் ஹேட்ச்சுக்கு எந்த சீலன்ட்? கேள்வி பதில்

பாய்மரப் படகு டெக்கில் (மேல்தளம்) ஹேட்ச், அதாவது திறந்து மூடும் கதவு, பொருத்துவது பற்றியும், அதன் இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்ட் பற்றியும் வந்த கேள்விகள் இவை. ஐப்பசி மழை நெருங்குவதால் பாதிக்கு மேல் ஒழுகல் புகார்தான்.

ராயபுரத்திலிருந்து: சார், 28 அடி ஃபைபர் படகு. பழைய ஹேட்ச்சை எடுத்துட்டு 500-க்கு 500 மி.மீ. அலுமினிய ஃபிரேம் போடப் போறேன். சீலன்ட்ல திரீ எம் 5200 தான் ஸ்ட்ராங், அதையே போடுன்னு சொல்றாங்க. போடலாமா?

போடாதீங்க. ஹேட்ச்சைப் பிடிச்சு வைக்கிறது போல்ட்டோட வேலை. சீலன்ட் தண்ணியை நிறுத்தினா போதும். 5200 ஒட்டினா ஒட்டினதுதான். என்னைக்காவது ஃபிரேமைக் கழற்றணும்னு வந்தா ஜெல்கோட்டையும் (ஃபைபரோட பளபளப்பான மேல்பூச்சு) பெயர்த்துக்கிட்டுத்தான் வரும், மெல்லிய அலுமினியமா இருந்தா ஃபிரேமும் வளைஞ்சு போகும். ஹேட்ச்சை எப்படியும் ஒருநாள் கழற்றித்தான் ஆகணும்.

உங்களுக்குச் சிகாஃப்ளெக்ஸ் 291 இல்லைன்னா திரீ எம் 4200 சரி. ரெண்டுமே பாலியூரித்தேன்தான், ஆனா கத்தியும் பொறுமையும் இருந்தா பிரிக்கலாம். பாலிசல்ஃபைடும் நல்லாவே நிக்கும், இறுக மட்டும் ஒரு வாரத்துக்கு மேல ஆகும். பியூட்டில் டேப், அதாவது இறுகாத பசை நாடா, கிளீட் (கயிறு கட்டுற கொக்கி), ஸ்டான்ஷன் (கைப்பிடிக் கம்பிக் கால்) மாதிரி தடியான போல்ட் இறுக்கிப் பிடிக்கிற சாமானுக்கு அருமை. ஹேட்ச் ஃபிரேமுக்கு எனக்கு அது பிடிக்காது. நம்ம வெயில்ல வாரக்கணக்கா பிதுங்கிட்டே இருக்கும், நீங்களும் இறுக்கிட்டே இருக்கணும், கடைசில ஃபிரேம் கோணிக்கும்.

அதே அன்பர்: எத்தனை கார்ட்ரிட்ஜ் வாங்கணும்?

சுற்றளவு 2 மீட்டர், ஃபிளாஞ்ச் (டெக் மேல படியிற ஃபிரேம் விளிம்பு) அகலம் 25 மி.மீ., சீலன்ட் தடிமன் 2 மி.மீ. கணக்குப் போட்டா 100 மில்லி. பிதுங்கி வீணாகிறதுக்கு இன்னொரு 50 வைங்க. 300 மில்லி கார்ட்ரிட்ஜ் ஒண்ணே தாராளம்.

வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்க. பாரிமுனைக் கடை அலமாரியில ஒரு கோடையைக் கழிச்ச கார்ட்ரிட்ஜ், தேதி இருந்தாலும் உள்ளே இறுகியிருக்கலாம். பின்பக்கத்து பிஸ்டனைக் கட்டைவிரலால அழுத்துங்க. கொஞ்சம் அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. சிகாஃப்ளெக்ஸ்ங்கிற பேர்ல கட்டட வேலைக்கானதும் வரும். பேரை விட்டுட்டு எண்ணைப் பாருங்க.

திருவான்மியூரிலிருந்து: பழைய ஸ்க்ரூவைக் கழற்றினப்போ ஓட்டைலேர்ந்து காப்பி கலர்ல தண்ணி வந்தது. நல்ல சீலன்ட் போட்டா நின்னுடுமா?

நிக்காது. அது டெக்குக்கு நடுவுல இருக்கிற பால்சா மரம் ஊறின தண்ணி. இப்போ மேலே மூடினா ஈரத்தை உள்ளே வச்சுப் பூட்டின மாதிரி ஆயிடும்.

ஹேட்ச் திறப்போட வெட்டு விளிம்பைச் சுத்தி, மேல் ஃபைபருக்கும் கீழ் ஃபைபருக்கும் நடுவுல இருக்கிற மரத்தை 15–20 மி.மீ. ஆழம் தோண்டி எடுங்க. உளி போதும். மக்கின மரம் விரல்லயே உதிரும், வெளுத்த காய்ஞ்ச மரம் தெரியிற வரைக்கும் போகணும். போல்ட் ஓட்டைகளை 12 மி.மீ.க்குப் பெரிசாக்குங்க, கீழ் ஃபைபரை மட்டும் விட்டுடுங்க. பிறகு காய விடணும். மேலே தார்பாலின் கூடாரம், கீழேர்ந்து ஃபேன், குறைஞ்சது ரெண்டு வாரம். மழை பிடிச்சுட்டா இந்த வேலையைத் தை மாசத்துக்குத் தள்ளி வைக்கிறதே மேல்.

காய்ஞ்சதும் முதல்ல தண்ணியா எபாக்சி (ஹார்டனர் கலந்தா இறுகுற பிசின்) தடவி மரத்தை ஊற விடுங்க. அது பிசுபிசுப்பா இருக்கும்போதே சிலிக்கா பவுடர் கலந்து வடை மாவு பதத்துல எபாக்சியை அடைங்க. ஸ்லோ ஹார்டனர் வாங்குங்க, ஒரு தடவைக்கு 50 மில்லிக்கு மேல கலக்காதீங்க. நம்ம ஊர்ச் சூட்டுல அதிகம் கலந்தா கப்புலயே கொதிச்சுப் புகையும். மறுநாள் 5 மி.மீ. போல்ட்டுக்கு 5.5 மி.மீ. ஓட்டை போட்டு, வாயைக் கொஞ்சம் சரிவா செதுக்குங்க. அந்தச் சரிவுல தங்குற சீலன்ட்தான் போல்ட்டைச் சுத்தி ஒரு வளையமா நின்னு தண்ணியை மறிக்கும்.

எண்ணூரிலிருந்து: டெக் நடுவுல மேடா இருக்கு. ஃபிரேமை வச்சா ஓரத்துல 6 மி.மீ. இடைவெளி. போல்ட்டை இறுக்கினா படிஞ்சுடாதா?

படியும். ஃபிரேம் முறுக்கிக்கிட்டுப் படியும். மூடி கேஸ்கெட்ல (சுத்தி இருக்கிற ரப்பர் பட்டை) சமமா உக்காராது, மூடியில கண்ணாடிக்குப் பதிலா இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் மூலையில விரிசலும் விடலாம். 2 மி.மீ. வரைக்கும் சீலன்ட் சமாளிக்கும், அதுக்கு மேல போனா மேடை கட்டணும். ஃபிரேமோட அடிப்பக்கம் முழுக்க செல்லோ டேப் ஒட்டி, அதுமேல மெழுகு தேயுங்க. டெக்கை 80-ஆம் நம்பர் எமரியால சொரசொரப்பாக்கி, கெட்டி எபாக்சியை வரப்பு மாதிரி வைங்க. ஃபிரேமை அதுமேல வச்சு, தன் எடையில மட்டும் உக்கார விடுங்க. போல்ட் போடவே கூடாது. மறுநாள் ஃபிரேமைத் தட்டி எடுத்தா அதுக்குன்னே வார்த்த பீடம் தயார்.

ராயபுரத்து அன்பரே மறுபடி: சீலன்ட் தடவுற முறையைச் சொல்லுங்க சார்.

காலை ஏழரை, எட்டு மணிக்கு, பனி ஈரம் போனதும் ஆரம்பிங்க. மதியத்துல அலுமினியம் கை வைக்க முடியாத சூடாகி, சீலன்ட் மேல்தோல் சில நிமிஷத்துலேயே பிடிச்சுடும். அப்புறம் அமுக்கினா ஒட்டாது.

ஃபிரேமை வெறுமனே வச்சு, வெளிவிளிம்பைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. ஃபிரேமை எடுத்துட்டு, ஃபிரேம் அடிப்பக்கம், டெக் ரெண்டையும் அசிட்டோன் துணியால துடைச்சு, காயறதுக்குள்ள வேற சுத்தமான துணியால எடுங்க. ஒரே துணியை வச்சுத் துடைச்சா அழுக்கு இடம்தான் மாறும். ஒரே சீராத் தடியான கோடா சீலன்ட் விடுங்க, போல்ட் ஓட்டை ஒவ்வொண்ணைச் சுத்தியும் ஒரு வளையம். ஃபிரேமை நேரா மேலேர்ந்து இறக்குங்க, பக்கவாட்டில இழுக்காதீங்க.

எல்லாரும் தப்பு பண்றது இறுக்குறதுலதான். முழுக்க இறுக்கினா சீலன்ட் எல்லாம் பிதுங்கி, நடுவுல காகிதத் தடிமன்தான் மிஞ்சும். அந்த மெல்லிசுக்கு இழுபடத் தெரியாது, ஒரு கோடையிலேயே கிழியும். ஒரு வாரம் முன்னாடியே அதே சீலன்ட்டை பாலிதீன் மேல 2 மி.மீ. தடிமனுக்குத் தடவி இறுக விட்டு, பொட்டு அளவு துண்டா வெட்டிக்குங்க. சுத்தி எட்டு இடத்துல வைங்க. ஃபிரேம் அந்தத் துண்டுகளைத் தொட்டதும் நிறுத்திடுங்க. பிதுங்கல் நாலு பக்கமும் விட்டுப்போகாம வந்திருக்கணும். டேப்பை ஈரமா இருக்கும்போதே உரிங்க.

போல்ட் எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு). அலுமினியத்தைத் தொடுற இடத்துல டெஃப்ஜெல்ங்கிற அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்க, இல்லைன்னா உப்புக்காத்துல வெள்ளைப் பொடி பூத்துப் போல்ட் சிக்கிக்கும்.

பெரம்பூரிலிருந்து: பிதுங்கினதை ஸ்பிரிட்ல துடைச்சேன். நாலு நாளாச்சு, இன்னும் சூயிங்கம் மாதிரியே இருக்கு.

ஸ்பிரிட் ஆல்கஹால். பாலியூரித்தேன் காத்துல இருக்கிற ஈரத்தோட சேர்ந்துதான் இறுகும். ஆல்கஹால் குறுக்கே வந்தா அந்த வேதிவினை பாதியிலேயே நின்னுடும், இனிமேலும் இறுகாது. பிசுபிசுக்கிறதை எல்லாம் சுரண்டி எடுத்து மறுபடி போடுங்க. இறுகாத சீலன்ட்டைத் துடைக்க மினரல் டர்பன்டைன்தான்.

காசிமேட்டிலிருந்து: அண்ணே, நம்மது மீன்பிடி போட்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்ல ரவுண்டு ஹேட்ச் ஒண்ணு. பாலிசல்ஃபைட் மீந்து கிடக்கு, போடலாமா?

வேணாம் தம்பி. பாலிசல்ஃபைட் ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட் மூணையும் கெடுக்கும், பிளாஸ்டிக் நொறுங்கிப் போகும். அதுக்கு மட்டும் பியூட்டில் டேப் போடுங்க.

வேளச்சேரியிலிருந்து: ஃபிரேம் நல்லா இருக்கு, அக்ரிலிக் மட்டும் வெடிச்சு மங்கிப் போச்சு. புதுசுக்கும் 291 தானா? பாத்ரூம் சிலிக்கான் இருக்கு, அதைப் போடலாமா?

ரெண்டும் வேண்டாம். 500 மி.மீ. அக்ரிலிக் 40 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 1.4 மி.மீ. நீளும். அலுமினியம் அரை மி.மீ. கூட நீளாது. அந்த வித்தியாசத்தைத் தினமும் தாங்கணும்னா டவ்சில் 795 மாதிரி, கட்டடக் கண்ணாடி முகப்புக்குப் போடுற நியூட்ரல் சிலிக்கான் வேணும். சுத்தி 3 மி.மீ. இடைவெளி விடுங்க. வினிகர் வாசனை வர்ற பாத்ரூம் சிலிக்கான் அமிலம் விடும், அலுமினியத்தை அரிக்கும். அக்ரிலிக்கைச் சோப்புத்தண்ணியால மட்டும் கழுவுங்க, அசிட்டோன் பட்டா நுண்விரிசல் விழும்.

சிலிக்கானுக்கு இடம் இந்தக் கண்ணாடிப் பள்ளம் மட்டும்தான். டெக்ல பட்ட இடத்துல பெயின்ட்டும் நிக்காது, வேற சீலன்ட்டும் நிக்காது.

மறுபடி எண்ணூர்: எல்லாம் போட்டாச்சு, இன்னும் சொட்டுது!

முதல்ல கேஸ்கெட்டைப் பாருங்க. ஒரு துண்டுக் காகிதத்தை வச்சு மூடியைச் சாத்தி இழுங்க. லேசா வந்துட்டா அந்த இடத்துல அழுத்தம் இல்லை. அப்புறம் உள்ளே ஒருத்தரை டார்ச்சோட உக்கார வச்சு, வெளியே ஹோஸைக் கீழேர்ந்து மேலே கொண்டு போங்க: டெக்கும் ஃபிரேமும் சேர்ற இடம் அஞ்சு நிமிஷம், பிறகு மூடி ஓரம், கடைசியா கண்ணாடி விளிம்பு. எந்தக் கட்டத்துல சொட்டுதோ அதுதான் ஒழுகுற இடம். மேலேர்ந்து ஊத்தினா மூணும் ஒரே நேரத்துல நனைஞ்சு ஒண்ணும் புரியாது.