இங்கிலாந்தில் நண்பரோடு ஒரு நாள் மெட்டல் டிடெக்டிங் போக எந்த மெஷின் வாங்கலாம்?

கென்ட் பக்கம் இருக்கிறீர்கள், கூட வேலை பார்க்கும் நண்பரோடு ஒரு சனிக்கிழமை வயலில் இறங்கி, மண்ணில் புதைந்த பழைய காசைத் தேடிப் பார்க்க ஆசை, தலைக்கு 300 பவுண்டுக்குள் எந்த மெஷின் நல்லது, லீவில் ஊருக்குப் போகும்போதும் அதைக் கொண்டுபோகலாமா. இதுதானே கேள்வி?

மெஷினுக்கு இரண்டே வரி. நோக்டா சிம்ப்ளெக்ஸ் வரிசையில் ஒன்று, இல்லாவிட்டால் மைன்லேப் வேன்குவிஷ் 440. எது வாங்கினாலும் பின்பாயின்ட்டர் (குழிக்குள் பொருள் எங்கே என்று காட்டும் கையடக்கக் கருவி) ஒன்று தனியாக வேண்டும். பணம் இடித்தால் டிடெக்டரில் ஒரு படி இறங்குங்கள், பின்பாயின்ட்டரை மட்டும் விடாதீர்கள். அது இல்லாமல் ஈர மண்ணில் நகமளவு காசைத் தேடினால் ஒவ்வொரு குழிக்கும் பத்து நிமிடம் போகும், குழியும் இரண்டு மடங்கு பெரிதாகும். முதல் நாள் வீணாவதற்கு மெஷின் காரணமாக இருப்பது அபூர்வம்.

முதல் வேலை அனுமதி. இங்கே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. வயல் நடுவே பொது நடைபாதை போகிறதே என்பார்கள்; அது நடக்க மட்டும். பூங்கா என்றால் கவுன்சிலைக் கேட்க வேண்டும். நிலச் சொந்தக்காரர் ஒருவர், பயிர் வைக்கும் குத்தகைக்காரர் இன்னொருவர் என்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும். வாய்ப் பேச்சு போதாது. ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்குங்கள்: தேதி, உங்கள் இருவர் பெயர், கார் நம்பர், எந்தெந்த வயல் (வரைபடத்தை அச்சிட்டுக் கோடு போட்டுக் காட்டுங்கள்), கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு. பாதிக்குப் பாதி என்பதுதான் இங்கே வழக்கம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் மண்ணுக்குள் இருந்த பொருள் நிலக்காரருக்கே என்று 1995இல் வேவர்லி கவுன்சில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேட்கப் போகும்போது அறுவடை நேரத்திலும் ஆட்டுக்குட்டி போடும் மார்ச், ஏப்ரலிலும் போகாதீர்கள். விவசாயிக்கு அப்போது மூச்சு விட நேரமிருக்காது, ‘முடியாது’ என்ற ஒரு சொல்லோடு கதவு சாத்தப்படும்.

அனுமதி கிடைத்தாலும் வயலைச் சோதித்துவிட்டுத்தான் போக வேண்டும். 1979ஆம் ஆண்டுத் தொல்லிடச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, பட்டியலிட்ட தொல்லிடத்தில் அரசு அனுமதி இல்லாமல் டிடெக்டர் போடுவதே குற்றம். தோண்டினால்தான் குற்றம் என்றில்லை, நிலக்காரர் சரி சொன்னார் என்பதும் காப்பாற்றாது. அந்த இடங்களைக் காட்டும் தேசிய மரபுப் பட்டியல் இணையத்தில் இலவசம். இயற்கைப் பாதுகாப்பு எல்லைகளுக்கு ‘மேஜிக்’ என்ற அரசு இணைய வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்களில் இங்கிலாந்தும் இருக்கிறது. இன்று ஒரே வயலாகத் தெரிவது 1880களில் நாலு வயலாக, நடுவே ஒரு குடிசையும் பாதையுமாக இருந்திருக்கலாம். சந்தைக்குப் போகும் வழியில்தான் காசு விழும்.

இவ்வளவு சட்டம் பேசினால் யார் இந்தப் பொழுதுபோக்குக்கு வருவார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. தாராளமாக அலுத்துக்கொள்ளட்டும். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டும் கும்பலால் மற்றவர்களும் வயலை இழக்கிறார்கள், அந்தக் கோபத்தில் வருவது இந்தக் கண்டிப்பு. கூடவே நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங்கில் இருவரும் உறுப்பினராகிவிடுங்கள். பொறுப்புக் காப்பீடு அதோடு வருகிறது. பசு ஒன்று உங்கள் குழியில் கால் ஒடித்தால் அது தேவைப்படும்.

அடுத்து, நண்பரோடு ஒப்பந்தம். ‘நமக்குள் என்ன’ என்று விடக் கூடாத இடம் இதுதான். எடுத்தவருக்கே அவரவர் பங்கா, அன்றைய பொருள் எல்லாம் பொதுவா என்று வீட்டிலேயே எழுதி வாட்ஸப்பில் பரிமாறிக்கொள்ளுங்கள். சின்னப் பொருள் எடுத்தவருக்கு, பெரிய தொகை வந்தால் இருவருக்கும் சமம் என்பது சண்டை வராத ஏற்பாடு. 2015இல் ஹியர்ஃபோர்ட்ஷையரின் லெம்ஸ்டர் அருகே சேர்ந்து போன இருவர் வைக்கிங் காலப் புதையலை எடுத்து அரசுக்குச் சொல்லாமல் விற்கப் பார்த்தார்கள். 2019இல் இருவரும் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். அங்கே 300 காசு வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள், மீட்டது 31. கூட வந்தவன் ‘சொல்ல வேண்டாம்’ என்றால் அப்போதே கையைக் கழுவிவிடுங்கள்.

வயலும் பருவமும்: ஆகஸ்ட், செப்டம்பரில் கோதுமை அறுத்த அரிதாள் வயல் நல்லது, ஆனால் தாள் உயரமாக நின்றால் காயில் (டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டு) தரையை நெருங்காது. உழுது கட்டியும் முட்டியுமாகக் கிடக்கும் வயலில் இடையில் காற்று இருப்பதால் ஆழம் குறையும். உழுது, சமப்படுத்தி, மழை ஒன்று பெய்து மண் அமுங்கிய வயல் கிடைத்தால் யோகம். விதைத்த வயலில் கால் வைக்காதீர்கள், அனுமதி இருந்தாலும்.

இரண்டு பேர் போவதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு. இரண்டு மெஷினும் ஒரே ஃப்ரீக்வன்சியில் ஓடினால் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு கத்தும். ஒரே மாடல் சிம்ப்ளெக்ஸ் இரண்டு என்றால் இரண்டும் ஒரே ஃப்ரீக்வன்சி. ஒன்றில் ஃப்ரீக்வன்சி ஷிஃப்டை மாற்றுங்கள். வேன்குவிஷ் என்றால் இருவரும் மெஷினைப் போட்ட பிறகு நாய்ஸ் கேன்சல் அழுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கைபேசி சட்டைப் பையில், காயிலுக்குக் கிட்டே வேண்டாம். ஸ்டீல் டோ வைத்த பூட்ஸ் போட்டால் காயில் ஒவ்வொரு முறை காலருகே வரும்போதும் கூவும்.

வீசும் முறை: காயில் தரைக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர். இடமிருந்து வலம் போக இரண்டு விநாடி. ஓரத்தில் தூக்கக் கூடாது. புதியவர் எல்லோரும் புல்வெட்டுவது போலத் தூக்குவார்கள், வீச்சின் இரு முனையிலும் ஆழம் போய்விடும். அடுத்த வீச்சு முந்தையதில் பாதியை மூட வேண்டும். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைக்காதீர்கள், சும்மா இருக்கும்போது மெஷின் அமைதியாக இருக்கும் அளவுக்கு இறக்குங்கள்.

சிக்னல் வந்தால் நின்ற இடத்திலிருந்து 90 பாகை சுற்றி வந்து மறுபடி வீசுங்கள். இரண்டு பக்கமும் திரையில் ஒரே எண், காதில் ஒரே ஒலி என்றால் தோண்டலாம். ஒரு பக்கம் மணியாகவும் மறுபக்கம் உறுமலாகவும் இருந்தால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. பெரிய இரும்பு, குறிப்பாகத் தட்டையானது, வெள்ளி போலவே உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். ‘குறைந்த எண்ணெல்லாம் குப்பை’ என்று டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பை) ஏற்றிவிடாதீர்கள். இடைக்கால வெள்ளிப் பென்னி 18 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை கிராம்கூட இல்லை, தாள் போல மெல்லியது. அதைப் பாதியாகவும் காலாகவும் வெட்டிச் சில்லறையாகச் செலவழித்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கால் துண்டு சாக்லேட் ஃபாயில் காட்டும் எண்ணையே காட்டும். ஃபாயிலைத் தோண்டச் சலித்தவருக்குக் கால் பென்னி கிடைக்காது.

ஃபாயில் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். குப்பைத் தொட்டிகளில் சேரும் தோட்டக் கழிவை அரைத்து உரமாக்கி வயலில் கொட்டுகிறார்கள். கழிவை மக்க வைப்பது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு அரைபட்ட அலுமினியக் கேன், பேனா மூடி, பேட்டரித் துண்டு எல்லாம் மண்ணில் கலந்துவிடுகிறது. ஒரு முறை கொட்டினால் அந்த வயல் டிடெக்டருக்கு முடிந்த கதை, ஒரு வீச்சுக்கு இருபது சிக்னல். அந்த மண்ணில்தான் நாளை கோதுமை விளையப் போகிறது. அனுமதி கேட்கும்போதே ‘கிரீன் வேஸ்ட் போட்ட வயல் எது?’ என்று கேட்டு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தோண்டுவது. மேய்ச்சல் நிலத்தில் குறுகிய ஸ்டெயின்லெஸ் ஸ்பேடால் மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள், நாலாவது பக்கம் கீலாக இருக்கட்டும். 20 சென்டிமீட்டர் அகலம், 10 ஆழம். பொருள் குழி நடுவில் இருக்கும் என்று நம்பி மையத்தில் குத்தாதீர்கள், காசில் விழும் வெட்டு அப்படித்தான் விழுகிறது. புல்கட்டியைப் புரட்டி, அடியில் பின்பாயின்ட்டரை ஓட்டுங்கள். பாதிப் பொருள் கட்டியிலேயே ஒட்டியிருக்கும். உதிர்மண்ணைப் புல்லில் கொட்டாமல் ஒரு துணியில் கொட்டுங்கள். பொருளை எடுத்ததும் குழியை மறுபடி காயிலால் பாருங்கள், இரண்டாவது காசு இருந்தால் இப்போதுதான் தெரியும். மண்ணைத் துணியோடு கவிழ்த்து, கட்டியை மூடி, காலால் மிதியுங்கள். வறண்ட கோடையில் வேரறுத்த புல் வட்டவட்டமாகக் காய்ந்து நிற்கும். ஜூலையில் மேய்ச்சல் நிலத்தை விட்டுவிடுவது மேல்.

உழவு மண் முடிந்து கெட்டியான அடிமண்ணில் ஒன்றுக்கு மேல் பொருள் தெரிந்தால் ஸ்பேடைக் கீழே வையுங்கள். சஃபோக்கின் ஹாக்ஸனில் 1992 நவம்பரில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் காசும் கரண்டியும் வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் முறைப்படி தோண்டினார்கள். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள் எந்தப் பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது அதனால்தான் தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

கிடைத்ததைத் தேய்க்காதீர்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் செம்பு, பித்தளை என்றாலே கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டவே வேண்டாம். பச்சை நிறப் படலம்தான் எழுத்தைத் தாங்கி நிற்கிறது. அதைக் கரைத்தால் மிஞ்சுவது வழுவழுப்பான வட்டத் தகடு. ஒவ்வொன்றையும் தனி ஜிப் பையில் போட்டு, கைபேசியில் கிரிட் ரெஃபரன்ஸ் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்) எடுத்து எழுதுங்கள். எட்டு இலக்கம் என்றால் 10 மீட்டர் துல்லியம், பத்து என்றால் ஒரு மீட்டர். இந்த வேலையை உங்களில் ஒருவர் நாள் முழுக்கப் பொறுப்பேற்றுக்கொள்வது நல்லது.

1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டு கடந்து பத்து சதவீதமாவது தங்கம் அல்லது வெள்ளி உள்ள பொருளை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட தங்க, வெள்ளிக் காசு என்றால் ஒன்று மட்டும் கிடைத்தால் பொதுவாகப் புதையலாகாது, சேர்ந்து இரண்டு இருந்தால் ஆகும். உங்களுக்கு ஒன்று, மூன்றடி தள்ளி நண்பருக்கு ஒன்று கிடைத்தாலும் அது உழவில் சிதறிய ஒரே புதையலாக இருக்கலாம், சேர்த்தே சொல்லுங்கள். 2023 ஜூலை முதல், 200 ஆண்டு கடந்த உலோகப் பொருள் வரலாற்றுக்கு மிக முக்கியமானது என்றால் அதுவும் சேரும். கிடைத்த தொல்பொருளைப் பதிவு செய்யும் உங்கள் மாவட்ட ஃபைண்ட்ஸ் லயசான் ஆபீசருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் வழி சொல்வார்.

கென்ட்டில் போர்க்கால வெடிபொருள் சகஜம். துடுப்பு வைத்த குழாயோ அன்னாசி வடிவ இரும்போ தெரிந்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, 999க்கு அழையுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசும் தொல்பொருள். இலங்கையிலும் 1940 தொல்பொருள் கட்டளைச் சட்டம் உரிமமில்லாத தோண்டலை விடாது. இதெல்லாம் தெரிந்தும் ஊரில் சிலர் ‘ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தங்கத்தைக் காட்டும்’ என்று ஆன்டெனாக் கம்பி வைத்த பெட்டியை லட்சக்கணக்கில் விற்கிறார்கள். நல்ல டிடெக்டரே ஒரு காசை ஓரடி ஆழத்தில் கேட்டால் பெரிய விஷயம். அந்தக் கம்பி திரும்புவது மணிக்கட்டு அசைவில். சொந்தக்காரர் யாராவது வாங்கக் கிளம்பினால், விற்பவர் முன்னால் பத்து பேப்பர் கப்பைக் கவிழ்த்து, அவர் பார்க்காதபோது ஒன்றினடியில் மோதிரத்தை வைத்து, எதில் இருக்கிறது என்று கம்பியை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.