நண்டை வெட்டினால் ரத்தம் வராதது ஏன்? நண்டுக்கும் இறாலுக்கும் ரத்தமே கிடையாதா?

ரத்தம் வருகிறது. நாம்தான் அதைத் தண்ணீர் என்று நினைத்துக் கழுவி ஊற்றிவிடுகிறோம்.

நான் ராயபுரத்துக்காரன். விலங்கியல் படித்துவிட்டு இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் உயிரோடு ஒரு சேற்று நண்டு வாங்கி, மீன் சுத்தம் செய்து தரும் அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். ஓட்டைப் பிரித்ததும் கால் இடுக்கிலிருந்து லேசான கலங்கலாக நீர் வழிந்தது. "இது என்னக்கா?" என்றேன். "கடல் தண்ணி தம்பி, குடிச்சு வச்சிருக்கும்" என்றார். அதில் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் பிடித்துத் தரச் சொல்லி ஓரமாக வைத்தேன்.

அக்கா சொன்னது முழுக்கத் தப்பு இல்லை. கடலிலேயே வாழும் நண்டின் ரத்தத்தில் உப்பின் அளவு கிட்டத்தட்ட கடல் நீருக்குச் சமம். எண்ணூர், பழவேற்காடு பக்கத்து முகத்துவாரச் சேற்றில் இருக்கும் நண்டோ, மழைக்காலத்தில் சுற்றிலும் உப்பு குறைந்தாலும் தன் ரத்தத்தின் உப்பை அவ்வளவாகக் குறையவிடாது.

இந்த ரத்தத்துக்குப் பாடப்புத்தகப் பெயர் ஹீமோலிம்ஃப். நண்டின் இதயத்திலிருந்து கிளம்பும் குழாய்கள் கிளைகளாகப் பிரிந்து, கடைசியில் திறந்தபடி முடிந்துவிடும். அதற்கப்புறம் ரத்தம் உறுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் பரவி, அவற்றை நனைத்துக்கொண்டே செவுளுக்குப் போய், இதயத்துக்குத் திரும்பும். ஓட்டைப் பிரித்ததும் அத்தனையும் சேர்ந்து வழிவது இதனால்தான்.

நிறத்துக்கு வருவோம். நமக்கு ஆக்சிஜன் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின். நண்டுக்கும் இறாலுக்கும் தாமிரம் உள்ள ஹீமோசயனின். இரண்டு தாமிர அணுக்கள் சேர்ந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். பிடித்தால் வெளிர் நீலம், விட்டால் நிறமே இருக்காது. குழம்பில் வெந்த நண்டின் ஓட்டுக்குள் திரிந்த பால் போல வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அது பெரும்பாலும் இந்த ரத்தப் புரதம் வெந்து திரண்டதுதான். கணவாய் வகையான கடம்பாவுக்கும் நீல ரத்தம், ஆனால் அதற்கு மூன்று இதயம், ரத்தம் குழாய்க்குள்ளேயே ஓடும். கரப்பானின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே இல்லை, அந்த வேலையைத் தனிக் காற்றுக்குழாய்கள் பார்த்துக்கொள்கின்றன. முதுகெலும்பு இல்லாதவற்றிலும் சிவப்பு ரத்தம் உண்டு. மண்புழுவைப் பாருங்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் உறைய வைத்து விற்கும் ரத்தப்புழுவைப் பாருங்கள். அது ஒரு வகைச் சிறு ஈயின் புழு, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதால் ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ரத்தத்தின் பெரிய வேலை காவல். நண்டு வாழும் சேற்றில் எத்தனை பாக்டீரியா இருக்கும்! ஒரு கால் ஒடிந்தால் போதும், எல்லாம் உள்ளே வரும். அதனால் ரத்தத்தில் மிதக்கும் ஹீமோசைட் என்னும் செல்கள் காயம் பட்டதும் உடைந்து ஒரு நொதியை விடுகின்றன. அது ரத்தத்தில் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று கோத்துக் கூழாக்கி ஓட்டையை அடைக்கிறது. உள்ளே வந்துவிட்ட பாக்டீரியாவை வேறு செல்கள் விழுங்குகின்றன. செல் கிருமியை விழுங்கிக் காக்கும் என்ற எண்ணமே முதுகெலும்பில்லாத ஒரு கடல் உயிரிடமிருந்து வந்ததுதான். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் மெச்னிக்கோஃப் என்ற விலங்கியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிருக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய ஒட்டுண்ணி என்றால், செல்கள் அடுக்கடுக்காக அதன்மேல் ஒட்டி மூடிவிடும். அப்புறம் அந்த இடம் கருப்பாகும். ஃபீனால்ஆக்சிடேஸ் என்ற நொதி மெலனின் என்னும் கருநிறமியை உண்டாக்குவதால் வரும் கருப்பு அது. அந்த வேலையின்போது உண்டாகும் வேதிப்பொருள்கள் கிருமிக்கு நஞ்சு. நண்டு ஓட்டில் பழைய காயம் கருந்தழும்பாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இதே கருப்பை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஐஸ் போதாமல் கிடந்த இறாலில் தலைப்பக்கம் முதலில் கருக்கும். சாயம் என்றும் சாக்கடை என்றும் பலர் சந்தேகப்படுகிறார்கள். இறால் செத்த பிறகும் இந்த நொதி வேலையை நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். ஐஸ் அதை மெதுவாக்கும், வேகவைத்தால் அழிந்துவிடும். அந்தக் கருப்பு நஞ்சு இல்லை. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அதனால் மோந்து பார்த்து வாங்குங்கள்.

இந்தக் காவலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. இவற்றிடம் நம்மைப் போல ஆன்டிபாடி, அதாவது ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்றபடி உடல் செய்துகொள்ளும் எதிர்ப்புப் புரதம், கிடையாது. 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இறால் பண்ணைகளைக் காலி செய்தபோது, கோழிக்குப் போடுவது போல ஊசி போட்டுக் காப்பாற்ற வழியில்லாமல் போனது அதனால்தான். நோயில்லாத குஞ்சாகப் பரிசோதித்து விடுவதும், வைரஸைப் பண்ணைக்குள் வரவிடாமல் பார்ப்பதும்தான் இன்றும் வழி.

ஆனால் இந்தக் காவல் நமக்கும் உதவியிருக்கிறது. ஒடிசா, வங்காளக் கரைகளில் காணப்படும் குதிரைலாட நண்டு சிலந்திக்கு உறவு, உண்மையான நண்டே அல்ல. அதன் நீல ரத்தச் செல்கள் பாக்டீரியா நச்சு துளி இருந்தாலும் உறைந்துவிடும். அமெரிக்கக் கடற்கரையில் வாழும் இனத்தின் ரத்தத்திலிருந்து செய்த பரிசோதனைப் பொருளை வைத்துத்தான் ஊசி மருந்துகள் சுத்தமா என்று பல பத்தாண்டுகளாகப் பார்க்கிறார்கள்.

சரி, கிண்ணம். அக்கா நண்டைக் கழுவி முடித்ததும் எடுத்துப் பார்த்தேன். மெல்லிய நீலம் ஓடியிருந்தது. சாய்த்தால் வழியாமல், சரியாக உறையாத ஜெல்லி மாதிரி மொத்தமாக நகர்ந்தது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்தார். "தண்ணி எங்கயாவது இப்படிக் கெட்டியாவுமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிண்ணத்தை நீட்டினார்.